வீணசைவு

தன் கணவனைத் திட்ட முயன்று தோற்ற மாலையில்தான், தன் கைகளுக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்பதைக் கோகிலவாணி உணர்ந்தாள்.

நாச்சிமுத்து பிறவியிலேயே செவி கேளாதவன், வாய்ப்பேச்சும் இல்லை. கணபதிப் பகுதியில் ஒரு சிற்றுண்டிக் கடையில் தோசை மாஸ்டராக இருந்தான். அன்று குழாயைத் திறந்தவன் மூட மறந்துவிட்டான். வாரத்திற்கு ஒருமுறை வரும் தண்ணீர் முழுவதும் மாடித் தொட்டியிலிருந்து வடிந்து சாக்கடைக்குப் போயிற்று. இத்தகைய குற்றத்திற்கு அந்த வீட்டில் வழங்கப்படும் தண்டனைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. கோகிலவாணி முதலில் குழாயைக் காற்றில் வரைவாள். அதிலிருந்து நீர் கொட்டுவதை இரு கைகளாலும் காட்டுவாள். அந்த நீர் படியிறங்கிச் சென்று கீழ்வீட்டு அம்மாவின் பாதத்தை நனைக்க, அந்த அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து கேட்கும் கேள்விகளையெல்லாம் அவளாகவே மாறி நடித்துக் காட்டுவாள். இறுதியில், இப்படியொரு பிள்ளையைப் பெற்ற மாமியாருக்கு ஒரு கும்பிடு. நாச்சிமுத்து அதற்குள் சிரித்துவிடுவான். சிரித்த குற்றத்திற்காக இன்னொரு சுற்று நடக்கும்.

அன்று அவள் கைகள் மூன்று அசைவுகளைச் செய்தன. குழாய். திறப்பு. மூடு. அத்துடன் இடுப்பளவில் இறங்கி நின்றுவிட்டன.

மீதிக்காக அவன் காத்திருந்தான். மீதி வரவில்லை. அவள் மீண்டும் கைகளை உயர்த்தினாள். முகத்தில் கோபமும் சிரிப்பும் ஆயத்தமாக இருந்தன. கைகளோ அதே மூன்று அசைவுகளை, அதே அளவில், அதே வேகத்தில் செய்து இறங்கின. அவன் எழுந்து சென்று குழாயை மூடினான். பிறகு அவள் பக்கம் திரும்பாமல் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டான். கடை முதலாளிகூட அவனிடம் அப்படிப் பேசியதில்லை.

கோகிலவாணி வேலை பார்த்தது, நீர்மூழ்கி மோட்டார் செய்யும் ஆலை ஒன்றில். மோட்டாரின் இரும்பு உருளைக்குள் குறுகிய பள்ளங்கள் இருக்கும். அவற்றின் வழியே செம்புக் கம்பியை நுழைத்து, இழுத்து, சுற்றுச் சுற்றாக இறுக்க வேண்டும். அதற்கு வைண்டிங் பிரிவு என்று பெயர். எந்திரங்கள் எவ்வளவோ முன்னேறிவிட்ட காலம் அது. ஆயினும் கம்பியின் மேலுறை கீறாமல் இழுக்கும் பக்குவம் இன்னும் மனிதக் கைக்கே இருந்தது. ஆகவே நிர்வாகம், எந்திரத்தைத் திருத்துவதை விட்டுவிட்டுக் கையைத் திருத்தத் தொடங்கியது.

அதற்கான கருவிக்குக் கைத்துணை என்று பெயரிட்டிருந்தார்கள். முழங்கை வரை ஏறும் மெல்லிய உறை அது. கை எப்படி அசைகிறது என்பதை அது கவனிக்கும். அசைவில் எது வேலைக்குப் பயன்பட்டது, எது பயன்படவில்லை என்று பிரிக்கும். பயன்படாததற்கு வீணசைவு என்று பெயர். மெல்லிய மின்துடிப்பால் தசையைத் தொட்டு, வீணசைவைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கழித்துவிடும். சில வாரங்களில் கை தானாகவே அந்தச் சுருக்கமான பாதையில் போகப் பழகிவிடும். மாலையில் உறையைக் கழற்றலாம். பழக்கத்தைக் கழற்ற முடியாது.

எந்த அசைவைக் கழிப்பது என்பதைத் தீர்மானித்தது மேம்பாட்டு மன்றம். மன்றம் என்பது பலர் கூடிப் பேசும் இடத்துக்கு வழங்கும் சொல். இந்த மன்றத்தில் ஒருவரும் இல்லை. அது ஒரு கணிப்பொறி. ஆனால் அதற்கு யோசனை சொல்ல வேண்டியவர்கள் தொழிலாளர்களே. வாரம் ஒரு யோசனை சொல்லும்படி ஒவ்வொருவரும் ஊக்குவிக்கப்பட்டனர். சொன்னவர்களின் படம் நுழைவாயிலில் சிரித்தது. சொல்லாதவர்கள் 'ஈடுபாடு குறைந்தவர்கள்' என்று குறிக்கப்பட்டு, வார்னிஷ் புகை சூழ்ந்த பின்கட்டுக்கு மாற்றப்பட்டனர். இதற்கு ஊக்குவிப்பு என்று பெயர் வைத்தவர்கள், மிரட்டல் என்ற சொல்லை எதற்காகச் சேமித்து வைத்திருந்தார்கள் என்பது தெரியவில்லை.

ஒரு யோசனை ஏற்கப்பட்டால், மறுநாள் காலையில் அது ஆலையிலுள்ள அத்தனை கைகளிலும் ஏறிவிடும். ஏறியது இறங்காது. முந்தைய நிலைக்குத் திரும்புவது மேம்பாடு ஆகாது என்பதால், அதற்கு மன்றத்தில் வழியே வைக்கப்படவில்லை.

கம்பியை இழுத்தபின் கை தோளுயரம் வரை போய்த் திரும்புவது வீண், இடுப்பளவிலேயே நிறுத்திக்கொள்ளலாம் என்பது கோகிலவாணி சொன்ன யோசனை. அதற்காக அவளுக்கு ஒரு குக்கர் கிடைத்தது.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் பக்கத்து இருக்கை ரஞ்சிதத்திடம் அவள் நடந்ததைச் சொன்னாள். ரஞ்சிதம் அவளைவிடப் பத்து வயது மூத்தவள்; எதற்கும் முதலில் சிரித்துவிட்டுத்தான் வருத்தப்படுவாள்.

"உனக்கு அப்படியா? என்ற பேத்தி பொறந்தநாளைக்கு எல்லாரும் கை தட்டறாங்க. நான் ஒருக்காத் தட்டிப்போட்டுக் கைய மடியில வெச்சுட்டேன். மருமக மூஞ்சியப் பாக்கோணுமே. இன்னும் என்றகூடப் பேசறதில்ல."

"உங்களுக்குக் கை தட்டறதுதானுங்க்கா போச்சு. எனக்குப் பேச்சே போச்சு."

"போன்ல எழுதிக் காட்டு."

"எழுத்துன்னா அவருக்குக் கரண்ட் பில்லாட்டங்க. எவ்வளவுன்னு பாத்துப்போட்டு மடிச்சு வெச்சுருவாரு. எழுத்துல நான் சண்டை போட்டா அது அவருக்குச் சண்டையாவே தெரியாது."

"மூஞ்சி இருக்குதல்ல? மூஞ்சில சொல்லு."

"மூஞ்சி கெஞ்சுது, கை அதட்டுது. ரெண்டுல எதை நம்புவாரு? கையத்தான் நம்புவாரு. மூஞ்சிய யாரு வேணாலும் வெச்சுக்கலாமுங்களே."

ரஞ்சிதம் இம்முறை சிரிக்கவில்லை. "போயி அந்த கிரிதரன்கிட்டக் கேளு. நல்ல பையன். அவனும் பாவம், வாரத்துக்கு மூணு யோசனை சொல்லோணுமாம்."

கிரிதரன் மேம்பாட்டு அலுவலர். பொள்ளாச்சிக்காரன். தொழிலாளர்களை அக்கா, அண்ணா என்றுதான் அழைப்பான். அது அலுவலக உத்தரவன்று, அவன் இயல்பு. கோகிலவாணி சொன்னதை முழுவதும் கேட்டான். அவன் கேட்ட விதத்தில் அக்கறை இருந்தது. அந்த அக்கறையே அவளுக்கு முதல் அச்சத்தைத் தந்தது. தீர்வு இருந்தால் அவன் இவ்வளவு பொறுமையாகக் கேட்டிருக்க மாட்டான்.

"இதைக் குறைன்னு சொன்னா மன்றத்துக்குக் கேக்கவே கேக்காதுங்க்கா. அதுல குறைக்குன்னு எடமே வெக்கல. யோசனைன்னு சொல்லுங்க, ஒடனே எடுத்துக்கும்."

"என்ற கையத் திருப்பிக் குடுங்கங்கறது யோசனையாங்க சார்?"

"குடுத்தாக் கம்பெனிக்கு என்ன மிச்சம்னும் சேத்துச் சொன்னா யோசனைதானுங்க."

"திருப்பிக் குடுக்க முடியுமா, மொதல்ல அதைச் சொல்லுங்க."

"முடியுமுங்க. நீங்க சேந்த அன்னிக்குக் கையை எல்லாத் திக்கமும் ஆட்டச் சொல்லிப் பதிஞ்சோமல்ல? அதுக்கு மூலப் பதிவுன்னு பேரு. அதைக் கைத்துணையில ஏத்தி ஒரு அமர்வு குடுத்தா பழைய கை வந்துரும். ஆனா கொஞ்ச நாள்ல மங்கிரும். ரெண்டாவது அமர்வும் குடுத்தாத்தான் நெலைக்கும்."

"நான் வேலைய விட்டுப்போட்டுப் போறேனுங்க. போறப்ப அந்தப் பதிவை எனக்குக் குடுத்துருங்க. வெளிய எங்காச்சும் ஆசுபத்திரியில பாத்துக்கறேன்."

கிரிதரன் மேசையைப் பார்த்தான். "பதிவு கம்பெனியோடதுங்க்கா. கைதான் உங்களுது."

அவன் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. அவன் படித்த ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது.

ஆக, வேலையை விட்டால் இந்தக் கைகளோடுதான் வீட்டுக்குப் போக வேண்டும். வேலையில் இருந்தால் கைகள் இன்னும் சுருங்கும். பழைய கைகளைத் திரும்பப் பெறுவதற்கு உலகத்தில் இருந்த ஒரே இடம், அவற்றைப் பறித்த இடம்தான். கோகிலவாணி அன்று மாலை பேருந்தில் நின்றபடி இதை எல்லாப் பக்கமும் புரட்டிப் பார்த்தாள். ஒரு பக்கத்திலும் கதவு இல்லை.

வீட்டில் நாச்சிமுத்து அவளுக்காகக் கல்தோசை ஊற்றி வைத்திருந்தான். நன்றாக இருக்கிறது என்று சொல்லக் கை எடுத்தாள். 'போதும்' என்பதைப் போல ஒரு வெட்டு விழுந்தது. அவன் அடுத்த தோசையை ஊற்றாமல் அடுப்பை அணைத்தான்.

வைண்டிங் பிரிவுப் பெண்களிடையே ஒரு வழக்கம் இருந்தது. அதற்கு அவர்களே வைத்த பெயர் யோசனை மொய். வாரந்தோறும் ஒவ்வொருவருக்கும் புதிதாக ஒன்று தோன்றுவதில்லை. எனவே, உபரியாக ஒன்று வைத்திருப்பவள், இல்லாதவளுக்கு அதைக் கொடுப்பாள். வாங்கியவள் தனக்கு வாய்க்கும்போது திருப்பிச் செய்வாள். கல்யாண வீட்டில் செய்த மொய்யை யாரும் மறப்பதில்லை, இதையும் மறக்கமாட்டார்கள். வாங்கியதைவிடச் சற்று எடுப்பாகத் திருப்பிச் செய்வதுதான் மரியாதை என்பதும் அப்படியே இங்கும் வந்துவிட்டது. கோகிலவாணி அந்தப் பிரிவில் பலருக்கும் மொய் வைத்தவள்.

இப்போது ரஞ்சிதம் அவளுக்கு ஒன்று வைத்தாள்.

"பக்கத்துல தகடு வெட்டற பிரஸ் ஷாப்புச் சத்தத்துல நாம பேசறது கேக்குதா? கம்பி ரீல் வேணும்னாக்கூட எந்திரிச்சு ஸ்டோர் வரைக்கும் நடக்கறோம். நீ உன்ற வீட்டுக்காரரோட பேசற கைப்பேச்சை நம்ம லைனுக்குச் சொல்லிக்குடு. ஒக்காந்த எடத்துல இருந்தே கேட்டுக்கலாம். நடை மிச்சம். சொல்லிக்குடுக்கோணும்னா உனக்குப் பழைய கை வேணும். வேணுமா வேண்டாமா?"

கோகிலவாணி அவளையே பார்த்தாள்.

"அப்படிப் பாக்காத. போன தீவாளிக்கு நீ வெச்ச மொய்யத் திருப்பறேன், அவ்வளவுதான்."

யோசனை அன்று மாலையே ஏற்கப்பட்டது. அடுத்த வாரம் முதல் அமர்வு. உறைக்குள் கைகளை நீட்டி அவள் உட்கார்ந்திருந்தபோது, தோளிலிருந்து விரல் நுனி வரை எதுவோ தளர்ந்து கொடுப்பதை உணர்ந்தாள்; நெடுநாள் இறுக்கிக் கட்டிய முடிச்சை யாரோ பொறுமையாக அவிழ்ப்பதைப் போல. கம்பி இழுக்கும் வேலையிலிருந்து விடுவித்து, வைண்டிங் பெண்களுக்குச் சைகை கற்றுத்தரும் பணியில் அவளை அமர்த்தினார்கள்.

அன்று மாலை அவள் வீட்டுப் படியேறும்போதே கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு ஏறினாள். நாச்சிமுத்து சட்டை மாற்றிக்கொண்டிருந்தான். அவள் அவன் தோளைத் தட்டித் திருப்பி, பழைய குழாயை முதலிலிருந்து தொடங்கினாள். நீர் கொட்டியது, படியிறங்கியது, தெருவைக் கடந்தது, கீழ்வீட்டு அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்தாள். நடந்து பல வாரங்கள் ஆகிவிட்ட குற்றத்திற்கு நாச்சிமுத்து அன்றுதான் முறைப்படி தண்டிக்கப்பட்டான். ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக நின்றபடி அவன் பார்த்துக்கொண்டிருந்தான். மாமியாருக்கான கும்பிடு வந்தபோது அவன் சிரிக்கவில்லை. சுவரில் சாய்ந்து, முகத்தை அந்தப் பாதிச் சட்டையால் துடைத்துக்கொண்டான்.

சைகைப் பேச்சில் மரியாதைப் பன்மை கிடையாது. கணவனும் மனைவியும் சமமான ஒருமையில்தான் பேசிக்கொள்வார்கள். அவர்கள் பேசியதைப் பேச்சுமொழியில் எழுதினால் இப்படி வரும்:

'எங்கே போயிருந்தே இத்தனை நாளு?' என்றான் அவன்.

'இங்கதான் இருந்தேன். கைய மட்டும் கம்பெனியில விட்டுட்டு வந்துட்டேன்.'

'இனிமே விடாதே.'

இரண்டாவது அமர்வு மட்டும் கிடைத்துவிட்டால், அன்றைக்கே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவது என்று இருவரும் முடிவு செய்தார்கள். தோசைக் கடையில் பாத்திரம் கழுவவும் அவள் ஆயத்தமாக இருந்தாள்.

அதன்பின் நடந்ததற்கு எவருடைய தீய எண்ணமும் காரணமன்று. அதுதான் அதன் கொடுமை.

கோகிலவாணிக்கு மொய் திருப்ப வேண்டியவர்கள் பலர் இருந்தார்கள். அவள் யோசனை நன்றாக வேரூன்ற வேண்டும், அவள் கை அவளுக்கு நிலைக்க வேண்டும் என்று ஒவ்வொருத்தியும் நினைத்தாள். எனவே அந்த வாரம், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே, அத்தனை பேரும் தங்கள் யோசனையை அவள் யோசனைக்குத் துணையாகச் செய்தார்கள். கைப்பேச்சால் நடை குறைந்தது என்றாள் ஒருத்தி. பிழை குறைந்தது என்றாள் இன்னொருத்தி. எங்கள் லைனுக்கு மட்டும் போதாது, எல்லாப் பிரிவுக்கும் வேண்டும் என்று எடுப்பாகச் செய்தவர்களும் உண்டு. ஒரே யோசனைக்கு அத்தனை ஆதரவை மன்றம் அதுவரை கண்டதில்லை.

கிரிதரன் அவளைத் தேடி வைண்டிங் பிரிவுக்கே வந்தான். அவன் முகம் மலர்ந்திருந்தது.

"பிளான்ட் முழுக்க எடுத்துக்கறாங்க்கா. எண்ணூறு பேருக்கும் கைத்துணையிலயே ஏத்தப் போறாங்க. நீங்க ஒவ்வொருத்தருக்கா சொல்லிக்குடுக்க வேண்டியதில்ல."

"என்ற ரெண்டாவது அமர்வுங்க?"

"அது கண்டிப்பா உண்டுங்க. முழுப் பதிவு முடிஞ்சதும் ஒடனே. ஆனா ஒண்ணு. ஒரு கையை மட்டும் வெச்சு ஒரு மொழியப் பதிய முடியாதாமா. பேசிக்கறவங்க ரெண்டு பேர் வேணுங்குது. சனிக்கெழமை உங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க. அவரு சம்மதிச்சா, கைப்பேச்சுப் பயிற்சியாளர்னு அவருக்கு இங்கயே வேலை. கைத்துணை, இ.எஸ்.ஐ., பி.எப். எல்லாம் உண்டு."

நாச்சிமுத்து சனிக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையணிந்து வந்தான். கண்ணாடிச் சுவர்களுள்ள ஓர் அறையில் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தார்கள். கூரையில் வரிசையாகக் கேமராக்கள். கிரிதரன் நிபந்தனைகளைப் படிக்க, கோகிலவாணி அவற்றைக் கணவனுக்குச் சைகையில் பெயர்த்துச் சொல்ல வேண்டும். வேலை, சம்பளம், மருத்துவ வசதி வரையில் அவள் ஒழுங்காகவே பெயர்த்தாள்.

"திங்கட்கிழமையிலிருந்து கைத்துணை அணிய ஒப்புக்கொள்கிறாரான்னு கேளுங்க்கா."

அவள் கைகள் உயர்ந்தன. ஆனால் கேட்டது வேறு.

'வேண்டாம்னு தலையாட்டு. எந்திரிச்சு வீட்டுக்குப் போலாம்.'

'ஏன்?' என்றான் நாச்சிமுத்து. 'நல்ல வேலைங்கறாங்க.'

'என் கைக்கு ஆனது தெரியுமில்ல? உனக்கும் ஆகும்.'

'ஆகட்டும். உன் கை மறுபடி போனாலும் எனக்கும் அதே கைதானே இருக்கும்? நீ சின்னதாப் பேசினா நானும் சின்னதாப் பேசுவேன். வித்தியாசம் தெரியாது. படிக்கட்டுல தனியா உக்கார வேண்டியதில்ல.'

அவள் இருக்கையிலிருந்து எழுந்துவிட்டாள். 'வித்தியாசம் தெரியாதா? பைத்தியக்காரா. ரெண்டு பேரும் ஊமையாகிறதுக்குப் பேரு ஒத்துமையா?'

'கத்தாதே. ஆபீசர் பாக்கறாரு.'

'பாக்கட்டும். நீ தோசை ஊத்தறப்ப கரண்டியைச் சுத்தறியே, அதை வீண்ணு சொல்லுவாங்க. நீ சிரிக்கறப்ப தொடையத் தட்டறியே, அதை வெட்டுவாங்க. அப்புறம் நான் யாரைத் திட்டறது? செவுத்தையா?'

'செவுரும் என்னை மாதிரிதான். திருப்பிப் பேசாது.'

'நீ திருப்பிப் பேசாத நாளு எது? மொத ராத்திரியே லைட்டை அணைக்க விடல, பேசோணும்னு.'

அவன் காது நுனி சிவந்தது. அவனும் எழுந்தான். நெடுநாள் அடக்கி வைத்ததெல்லாம் அவன் கைகளில் வந்தது: அவள் கைகள் சுருங்கிய நாள் முதல் வீட்டில் விழுந்த மௌனம், முதலாளியைப் போல அவள் இட்ட கட்டளைகள், தன்மீது சலித்துவிட்டதோ என்று அவன் அஞ்சிய இரவுகள். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். நான்கு கைகள் அந்த அறையின் காற்று முழுவதையும் எடுத்துக்கொண்டன. கிரிதரன் நிபந்தனைத் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றான். அவனுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால், தன் வீட்டில் யாரும் யாரோடும் இப்படிப் பேசிக்கொண்டதில்லை என்பது மட்டும் புரிந்தது.

இறுதியில் நாச்சிமுத்துவின் கைகள் ஓய்ந்தன. அவன் தன் வலக்கையை இடக்கையின்மேல் கவிழ்த்து வைத்து, இரண்டையும் சேர்த்து நெஞ்சுவரை இழுத்து, அங்கே ஒரு கணம் நிறுத்தி, பிறகு மெல்ல விரித்தான். எந்தப் பள்ளியிலும் அந்தச் சைகை கிடையாது. மணமான புதிதில், அவள் கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போயிருந்தபோது, அங்கே வந்து வாசலில் நின்று அவன் தானாக உண்டாக்கியது. நீ இல்லாத இடத்தில் எனக்கு என்ன வேலை என்பது அதன் பொருள்.

'அப்ப வா, போலாம்,' என்றாள் அவள்.

அவன் கிரிதரனைப் பார்த்துத் தலையை இடவலமாக அசைத்தான். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

கதவருகே கோகிலவாணி நின்றாள். "மன்னிச்சுக்கோங்க சார். அவரு சேரலீங்களாமா. பதிவு ஆகலைன்னா என்ற அமர்வு கெடைக்காதுங்களா?"

கிரிதரன் தன் திரையைப் பார்த்தான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் வியப்பு இருந்தது.

"பதிவு ஆயிருச்சுங்க்கா. மன்றமே போதும்னுருச்சு. ரெண்டு பேரு மெனக்கெட்டு மாசக்கணக்காப் பேசினாலும் இவ்வளவு வந்திருக்காதாமா. அவரு சேரோணும்னு அவசியமே இல்ல. உங்க அமர்வு திங்கக்கெழமை காலையில. நான் சொன்னபடி."

அவன் உண்மையாகவே மகிழ்ந்தான். அவளும் மகிழ்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீட்டில் சண்டையும் சமாதானமும் மாறிமாறி நடந்தன.

திங்கட்கிழமை காலை அவள் உறைக்குள் கைகளை நீட்டினாள். இம்முறை எதுவும் தளரவில்லை. விரல்கள் ஒவ்வொன்றாக எங்கோ போய்ப் பொருந்திப் பூட்டிக்கொண்டதைப் போல இருந்தது. அமர்வு முடிந்ததும், சோதித்துப் பார்க்கத் தன் கணவனின் பெயரைச் சைகையில் சொன்னாள். தோசைக் கரண்டியைச் சுழற்றிக் காதைத் தொடும் சைகை அது. விரல் ஒன்று இடுப்பளவில் பாதி வளைந்து நின்றது.

"சார், எதையோ மாத்தி ஏத்திட்டீங்க."

கிரிதரன் ஏற்கெனவே திரையைப் படித்துக்கொண்டிருந்தான். அவன் குரல் தாழ்ந்திருந்தது.

"மாத்தலீங்க்கா. மூலப் பதிவைத்தான் ஏத்துச்சு. ஆனா சனிக்கெழமைப் பதிவு பழசை விட முழுமையானதுன்னு மன்றம் அதையே உங்க மூலப் பதிவா வெச்சுருச்சு. அதுல வீணசைவைக் கழிச்சு, மேம்படுத்தி..."

"பழசு?"

"புதுசு மேம்பட்டதுன்னா பழசை வெச்சுக்கறதில்லீங்க." அவன் கேட்கப்படாத கேள்விக்கும் பதில் சொன்னான். "ரெண்டாவது அமர்வுங்கறதால இனி இதுதான் நெலைக்குமுங்க. இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாதுங்க்கா. சத்தியமாத் தெரியாது."

அவன் கண் கலங்கியிருந்தது. அதைக் கண்டு அவளுக்குக் கோபம் வரவில்லை. அவன்மீது வரும் கோபத்தால் யாருக்கு என்ன பயன். அவள் எழுந்து, வழக்கமான பாதையில், தன் இருக்கைக்கு நடந்தாள். அவளை நிறுத்த யாருமில்லை; வெளியே போவதையும் யாரும் தடுத்திருக்கமாட்டார்கள். கொண்டுபோக வேண்டியது எதுவும் இனி அங்கே இல்லை என்பதுதான் அவளை அங்கேயே உட்கார வைத்தது.

ஆலை அன்று வழக்கத்தைவிட அமைதியாக இருந்தது. பிரஸ் ஷாப்பின் இரைச்சல் இருந்தது. மனிதக் குரல்தான் இல்லை. எண்ணூறு பேரும் கைகளால் பேசிக்கொண்டிருந்தார்கள். தொலைவிலிருந்து தெளிவாகத் தெரியும் சைகைகளை மன்றம் சனிக்கிழமைப் பதிவிலிருந்து பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஆலைக்கு வேண்டிய பொருளை வைத்திருந்தது. அவற்றின் சொந்தப் பொருள் அதற்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. தொலைவில் ஒரு பெண், கோகிலவாணி அவனைப் பைத்தியக்காரா என்று அழைத்த சைகையைச் சுருக்கிச் செய்து, கிரேனை வரவழைத்தாள். ஸ்டோர்க்காரர் ஒருவர் நாச்சிமுத்துவின் காதைச் சிவக்க வைத்த அந்த முதலிரவுச் சொல்லால், விளக்கைப் போடச் சொன்னார். நாச்சிமுத்துவின் தோள் அசைவு, பெயர் தெரியாத எத்தனையோ தோள்களில் அளவாக அசைந்தது.

ரஞ்சிதம் அவள் பக்கம் திரும்பினாள். வலக்கையை இடக்கையின்மேல் கவிழ்த்தாள்; இரண்டையும் நெஞ்சை நோக்கி ஒரு சாண் இழுத்து, சட்டென்று விட்டாள். உடனே ஸ்டோரிலிருந்து ஒருவன் புதிய ரீலைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனான்.

"பாத்தியா, கை தானாப் போகுது," என்றாள் ரஞ்சிதம். தான் வைத்த மொய் நன்றாகச் சேர்ந்துவிட்டது என்ற நிறைவு அவள் குரலில் இருந்தது. "இதுக்கு ரீல் தீர்ந்ததுன்னு போட்டிருக்காங்க. உங்க ரெண்டு பேருக்குள்ள நெசமா இதுக்கு என்ன அர்த்தம் கோகிலா?"

பக்கத்து இருக்கைகளிலும் இரண்டு மூன்று பேர் நிமிர்ந்தார்கள். எல்லோர் முழங்கையிலும் கைத்துணையின் சிறு விளக்கு பச்சையாக எரிந்தது; அடுத்த யோசனைக்காக மன்றம் எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கும்.

கோகிலவாணி கம்பியின் நுனியைத் தேடி எடுத்து, முதல் பள்ளத்தில் நுழைத்தாள்.

"அதேதானுங்க்கா," என்றாள். "ரீல் தீர்ந்துபோச்சுன்னுதான் அர்த்தம்."